பினாயில் அக்காவின் தரை

நகராட்சிச் சமுதாயக்கூடத்தைப் பெருக்கித் துடைத்துப் பார்த்துக்கொள்ளும் அந்த அம்மாளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது. எல்லோருக்கும் அவர் பினாயில் அக்கா. அந்தத் தரையில் ஈ உட்கார வேண்டுமென்றாலும் காலைக் கழுவிக்கொண்டுதான் வர வேண்டும். ஒரு மழை நாளில் கூட்டத்துக்கு வந்த கவுன்சிலரையே, காலில் சேறு என்று வாசலில் நிறுத்திவைத்தவர். "நீ அந்தத் தரையையே கட்டிக்கிட்டிருக்கலாம், என்னை எதுக்குக் கட்டிக்கிட்டே?" என்பார் பஸ் ஓட்டும் அவர் கணவர்.

இந்த வருடம் வெயில் ஆளையே தின்றது. சாலையில் தார் உருகிச் செருப்பைப் பிடித்து இழுத்தது. வீடில்லாதவர்கள் பொழுது சாயும்வரை தங்கிக்கொள்ளக் கூடத்தைத் திறந்துவிடும்படி நகராட்சியிலிருந்து உத்தரவு வந்தது. அக்கா ஒரு குறை வைக்கவில்லை. மின்விசிறிகளைத் துடைத்து ஓடவிட்டார். ஜன்னல்களில் ஈரத் துணி தொங்கியது. உப்பும் சர்க்கரையும் கரைத்த தண்ணீர் வாசலருகிலேயே இருந்தது. மேம்பாலத்தடியில் கிடந்தவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள், காலைக் கழுவிக்கொண்டுதான்.

பழைய பேப்பர் பொறுக்கி விற்கும் பெரியவரும் வந்தார், தள்ளுவண்டியோடு. சக்கரம் முழுக்கத் தார்.

"நீங்க வாங்கண்ணே. வண்டி வெளியவே இருக்கட்டும்."

"வெளிய விட்டா எவனாவது தள்ளிட்டுப் போயிடுவான்மா. போன வண்டி அப்படித்தான் போச்சு. ஓரமா நிறுத்திக்கிறேனே."

"வண்டியெல்லாம் உள்ள விட ரூல் இல்லண்ணே."

அப்படி ஒரு பேச்சே உத்தரவில் கிடையாது. இப்போதுதான் துடைத்த தரைக்காக அக்கா அந்த நொடியில் வாய்க்கு வந்தபடி போட்ட ரூல் அது. பெரியவர் மல்லுக்கு நிற்கவில்லை. ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு உச்சி வெயிலில் இறங்கிப் போனார்.

மேம்பாலம் போய்ச் சேரவில்லை. வண்டிக்குப் பக்கத்திலேயே சுருண்டு விழுந்தவரை ஆம்புலன்ஸ் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதாகச் செய்தி வந்தது. அக்கா துடைப்பத்தைப் போட்டுவிட்டு ஓடினார். சாலையோரம் கிடந்த வண்டியைத் தானே தள்ளிக்கொண்டு வந்து, தார்ச் சக்கரத்தோடு கூடத்தின் நடுவரைக்கும் உருட்டிப்போய் நிறுத்தினார். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று நாம் சொல்லுவோம். நாம் சொல்லித்தானா அவருக்குத் தெரிய வேண்டும்? தரையில் விழுந்த கறுப்புக் கோடுகளை அவர் துடைக்கவே இல்லை.

வீட்டில் சோறு இறங்கவில்லை.

"நீ என்ன வேணும்னா பண்ணினே? அவருக்கு ஏற்கனவே உடம்பு முடியாம இருந்திருக்கும்," என்றார் கணவர்.

"ரூல்னு பொய் சொன்னது நான்தானே?"



ஆஸ்பத்திரியில் சொந்தக்காரர்களைத்தான் உள்ளே விடுவோம் என்றார்கள். தங்கச்சி என்றார் அக்கா. இதுவும் பொய்தான், ஆனால் இதைச் சொல்லும்போது அழுதுவிட்டார். பெரியவர் நினைவில்லாமல் கிடந்தார். கண்ணை மட்டும் திறந்துவிட்டால் போதும், காலில் விழுந்தாவது மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று தினமும் போய் அந்தக் கட்டிலருகே நின்றார். கண் திறந்த அன்று, நர்ஸ் பக்கத்திலேயே நின்றதால் வாய் வரவில்லை. அதற்குப் பிறகும் வரவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பியதும் பெரியவர் நேராகக் கூடத்துக்குத்தான் வந்தார். வாசல் குழாயில் காலைக் கழுவிக்கொண்டார். உள்ளே மின்விசிறிக்குக் கீழே தன் வண்டி நிற்பதைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. பிறகு தரையைப் பார்த்தார். மெல்லக் குந்தி உட்கார்ந்து, தோளில் கிடந்த துண்டால் அந்தக் கறுப்புக் கோட்டைத் தேய்க்க ஆரம்பித்தார்.

"என் வண்டியால உங்க தரை பாழாப்போச்சேம்மா. மன்னிச்சுக்கங்க."

அக்கா அவருக்குப் பக்கத்தில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"அண்ணே, அன்னைக்கு நான் சொன்ன மாதிரி ஒரு ரூலே கிடையாதுண்ணே."

"தெரியும்மா," என்றார் பெரியவர், தேய்ப்பதை நிறுத்தாமல்.