அப்பன் மொகம் பாக்கணுமாம்

கினி பிக் வேணும்னு எங்க வீட்டுல யாரும் கேக்கல. இத முதல்லயே சொல்லிடறேன். ஏன்னா பின்னால எல்லாரும் என் மகதான் ஆசப்பட்டுக் கேட்டான்னு கதைய மாத்திட்டாங்க. அவ கேட்டது சைக்கிள்.

பிரிக்பீல்ட்ஸ்ல வாடகைக்கு இருந்த பிளாட்ட விட்டுட்டு, கிள்ளான்ல சொந்தமா ஒரு வீடு வாங்கிப் பால் காய்ச்சுனோம். அன்னைக்கு என் வீட்டுக்காரரோட அக்கா ஒரு கூண்டோட வந்து எறங்குனாங்க. உள்ள வாலில்லாத பெரிய எலி மாதிரி ரெண்டு கினி பிக் இருந்துச்சு. பழுப்பு நெறத்துல ஒரு ஆண், வெள்ளையும் கறுப்புமா ஒரு பொண்ணு. புது வீட்டுக்கு உயிருள்ளதக் கொண்டாந்தா ஜோடியாத்தான் கொண்டாரணுமாம், ஒத்தையா வந்தா ஆகாதாம். கூண்டுக் கம்பியில குங்குமம் வேற வச்சாங்க. வந்தவங்க எல்லாம் சிரிச்சாங்க. அக்கா மட்டும் என் வயித்தப் பாத்துக்கிட்டே, வீட்டுல குட்டிச் சத்தம் கேட்டா ராசி லா, இதப் பாத்தாவது இங்க இன்னொண்ணு வரட்டும்னாங்க. நான் சாம்பார் வாளியக் கையில வச்சுக்கிட்டு நின்னேன். அப்படியே ஊத்திடலாமான்னு தோணுச்சு.

இன்னொண்ணு, இன்னொண்ணு. கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப் போச்சு. என் மக பொறந்தப்ப எனக்கு ரத்தம் நிக்கல. ஐசியுல வச்சுட்டாங்க. பொழைப்பேனான்னு டாக்டருக்கே தெரியல. பொழச்சு எழுந்ததுக்கு அப்பறம், இன்னொரு தடவைன்னா உயிருக்கு உத்தரவாதம் இல்லைன்னு தெளிவாச் சொல்லி அனுப்புனாங்க. இது அக்காவுக்குத் தெரியாதா? நல்லாத் தெரியும். ஆனாலும் தீபாவளி ஆகட்டும், கல்யாண வீடு ஆகட்டும், ஒத்தப் புள்ளையா விட்டுட்டீங்களேன்னு ஆரம்பிச்சுடுவாங்க, என் மக காதுபடவே. என் வீட்டுக்காரரு பக்கத்துலதான் உக்காந்திருப்பாரு. போர்ட் கிள்ளான்ல லோரிக்காரங்கள வெரட்டி வெரட்டி வேல வாங்குற மனுஷன். அக்கா முன்னால மட்டும் வாயில கொழுக்கட்ட.

நான் ஏன் திருப்பிக் கேக்கலன்னு நெனப்பீங்க. எப்படிக் கேக்குறது? காலையில கமூட்டர் ரயில் புடிச்சு பிரிக்பீல்ட்ஸ்ல பல் கிளினிக் கவுண்டர்ல போய் உக்காந்தா, நான் வீடு திரும்ப இருட்டிடும். அவருக்கு ஷிப்ட் வேல. மகள ஸ்கூல்ல இருந்து கூட்டியாந்து சோறு போட்டுப் பாத்துக்குறது அக்காதான். எங்க வீட்டுச் சாவி அவங்க இடுப்புலதான் இருக்கும். அதனால வந்த கோவத்த எல்லாம் முழுங்கி முழுங்கி வயிறே எரிஞ்சு கெடந்தேன்.

சும்மா சொல்லக்கூடாது, கூண்டுல இருந்த அந்தப் பொண்ணு எனக்கு ரொம்பப் புடிச்சுப் போச்சு. பாசார் காய்கறிக் கடையில இருந்து கங்கோங் கீரை வாங்கிட்டு வந்து பிளாஸ்டிக் பைய லேசா அசைச்சாப் போதும், வீக் வீக்குன்னு வீடே அதிரக் கத்தும். கைய நீட்டினா தாடைய உள்ளங்கையில வச்சுக்கிட்டுக் கண்ண மூடும். அந்த ஆணு இருக்கே, அது ஒரு தொல்லை. உறுமிக்கிட்டே இடுப்ப ஆட்டி ஆட்டிப் பின்னாலயே வரும். பொண்ண நிம்மதியாத் திங்க விடாது, தூங்க விடாது. அதப் பாத்து அக்கா வாய்விட்டுச் சிரிப்பாங்க. எனக்குப் பத்திக்கிட்டு வரும்.

கொஞ்ச நாள்ல பொண்ணோட வயிறு ரெண்டு பக்கமும் பொடைச்சுக்கிச்சு. கூடையில தூக்கிக்கிட்டு மிருக டாக்டர்கிட்ட ஓடுனேன். பாத்துட்டு, இன்னைக்கே ஆண வேற கூண்டுக்கு மாத்திடுன்னாங்க அந்த டாக்டரு. குட்டி போடுற நேரத்துல ஆணு கூட இருந்தா அன்னைக்கே மறுபடியும் சினை புடிச்சுடுமாம். ஒரு பக்கம் பாலு குடுக்கணும், ஒரு பக்கம் வயித்துல சொமக்கணும், அந்த ஒடம்பு தாங்காதாம். ஆணுக்கு ஒரு ஆபரேஷன் பண்ணி, சில வாரம் கழிச்சு ஒண்ணா விட்டா ஒரு பயமும் இல்லைன்னாங்க. எனக்கு அதுக்கு மேல யாரும் விளக்க வேண்டியதில்ல.

வழியிலயே இன்னொரு கூண்டு வாங்கி, ஆணக் கொண்டுபோய் அடுப்படியில வச்சேன். அக்காவ உக்கார வச்சு, டாக்டர் சொன்னத ஒண்ணு விடாமச் சொன்னேன். அன்னைக்கே புடிச்சுடும்கறத ரெண்டு தடவ சொன்னேன். எலிக்கெல்லாம் பத்தியமான்னு கேட்டு முந்தானையால வாயப் பொத்திக்கிட்டுச் சிரிச்சாங்க. என் வீட்டுக்காரருகிட்டயும், நீங்களும் ஒரு வார்த்த சொல்லி வைங்கன்னேன். சொல்றேன்னாரு.

குட்டி போட்ட அன்னைக்கு நான் வேலையில இருந்தேன். சாயங்காலம் கமூட்டர்ல நின்னுக்கிட்டு வரும்போது அக்கா போன்ல படம் அனுப்புனாங்க. கண்ணத் தொறந்துக்கிட்டு, மேல முடியெல்லாம் மொளைச்சு, மூணு குட்டி. பக்கத்துல அம்மா. அதுக்குப் பின்னால ஒட்டிக்கிட்டு அந்தப் பழுப்புக்காரன். அங்கயே போன் போட்டேன்.

"ஏம்மா, பொறந்த புள்ளைங்க அப்பன் மொகத்தப் பாக்க வேணாமா? நீ கெளம்பிப் போனதுமே போட்டுருச்சு, காலையிலயே எடுத்து விட்டுட்டேன்."

நம்ம வீடுகள்ல புள்ள பொறந்தா அப்பன்கிட்ட மொகம் காட்டுறதில்லையா, அது மாதிரியாம். கினி பிக்குக்கு. காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் மொகம் பாத்துக்கிட்டே இருந்திருக்கான். வீட்டுக்குள்ள நொழஞ்சதும் செருப்பக்கூடக் கழட்டாம அவனத் தூக்கி அடுப்படிக் கூண்டுல போட்டேன். அப்பறம்தான் ஸ்கூல் லீவுல வீட்டுல இருந்த என் மக சொன்னா, அப்பாவும் அப்ப வீட்டுலதான் இருந்தாராம், நின்னு பாத்தாராம். நைட் ஷிப்ட் முடிச்சு வந்திருந்தாரு. ஏன் சும்மா இருந்தீங்கன்னு கேட்டேன். அக்கா ஆசப்பட்டுச் செஞ்சாங்கன்னாரு. அன்னைக்கு நான் போட்ட சத்தம் பக்கத்து வீட்டுக்கெல்லாம் கேட்டிருக்கும். அவரு டிவி சத்தத்தக் கூட்டி வச்சாரு.

டாக்டர் சொன்னதுதான் நடந்துச்சு. குட்டிங்க முட்டி மோதிப் பாலு குடிக்கும்போதே வயிறு திரும்ப ஏற ஆரம்பிச்சுச்சு. வயிறு மட்டும்தான் பெருத்துச்சு. முதுகத் தடவினா எலும்பு எண்ணலாம். கொடமொளகாய நறுக்கி நறுக்கிக் கையிலயே ஊட்டுனேன். குட்டிங்க பெருசானதும் செந்தூல்ல ஒரு தோழி வீட்டுக்குக் குடுத்துட்டோம். அக்கா வரும்போதெல்லாம், பாத்தியா எவ்ளோ ராசியான ஜோடின்னுவாங்க. நான் பல்லக் கடிச்சுக்கிட்டு அடுப்படிக்குப் போயிடுவேன்.

ஒரு சனிக்கெழம மத்தியானம் அது மூலையில சுருண்டு உக்காந்துக்கிச்சு. முக்குது, முக்குது, ஒண்ணும் வரல. பைய அசைச்சுப் பாத்தேன், கத்தல. துண்டுல சுத்தி மக மடியில வச்சுக்கிட்டு மிருக டாக்டர்கிட்ட ஓடுனோம். என் வீட்டுக்காரரு கார ஓட்டுனாரு. குட்டி பெருசா இருந்து வழியில மாட்டிக்கிச்சுன்னாங்க. கிழிச்சுத்தான் எடுத்தாங்க. குட்டியும் இல்ல, அதுவும் இல்ல. அது ஒடம்புல தெம்புன்னு ஒண்ணும் மிச்சம் இல்லன்னு டாக்டர் சொன்னப்ப, அது எனக்கு முன்னமே தெரியும்னு கத்தணும் போல இருந்துச்சு. என் மக அந்தத் துண்ட வீடு வரைக்கும் விடவே இல்ல. வீட்டுக்குப் பின்னால பொதைச்சோம்.

மறுநாள் அக்கா நூடுல்ஸ வறுத்து மீ கோரெங் பண்ணி எடுத்துக்கிட்டு வந்தாங்க. என் மகளக் கட்டிப் புடிச்சு ரெண்டு சொட்டுக் கண்ணீரும் விட்டாங்க. அதப் பொய்யின்னு சொல்ல மாட்டேன். எல்லாரும் சாப்பிட உக்காந்தோம். அக்கா அடுப்படிப் பக்கம் திரும்பி, கூண்டுல இருந்த ஆணப் பாத்து உச் கொட்டுனாங்க.

"பாவம், ஆம்பள. ஒத்தையில என்ன பண்ணும்? தம்பி, நாளைக்கே இன்னொரு பொண்ண வாங்கி விட்டுடு."

பொதைச்ச மண்ணு இன்னும் காயல. இத்தன வருஷமா முழுங்குனது எல்லாம் ஒண்ணா மேல வந்துச்சு. மகள மாடிக்குப் போகச் சொன்னேன். அவ போற வரைக்கும் பொறுத்துக்கிட்டு இருந்தேன்.

"அன்னைக்கு ஆஸ்பத்திரியில நான் செத்துப் போயிருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பீங்க, இல்லக்கா?"

என்ன பேச்சு பேசுறன்னு அக்கா எகிறுவாங்கன்னு நெனச்சேன். எகிறல. பதில் வந்தது என் வீட்டுக்காரருகிட்ட இருந்து. தட்டப் பாத்துக்கிட்டே பேசுனாரு.

"சொன்னாங்க. நீ ஐசியுல கெடந்தப்பவே சொன்னாங்க. பச்சப் புள்ளைய வச்சுக்கிட்டு ஒத்தையில என்ன பண்ணுவ, அவளுக்கு எதுவும் ஆயிட்டா நல்ல பொண்ணாப் பாத்து வைக்கிறேன்னு."

அக்கா கையக் கழுவ எழுந்தாங்க. நான் அவங்களத் திரும்பிக்கூடப் பாக்கல. அவங்க மேல இருந்த கோவம் அந்த நிமிஷம் எங்க போச்சுன்னே தெரியல. அவரையே பாத்தேன்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

தட்டுல இருந்த மீயக் கிளறுனாரு.

"ஒண்ணும் சொல்லல."