மூட்டைக்குக் காவல்

நேற்று பெரியப்பா சென்னையிலிருந்து பெரம்பலூருக்கு வந்திருந்தார். வாசலில் காயப்போட்டிருந்த சின்ன வெங்காயத்தின் நெடி மூக்கில் ஏறியதும் எனக்குப் பழைய ஆத்திரம் திரும்பிவிட்டது.

அப்போது எனக்குப் பத்து வயது. குடும்பத்தோடு பட்டணம் பார்க்கப் போனோம். அண்ணன் வீட்டுக்கு வெறுங்கையோடு போகக்கூடாது என்று அப்பா தன் பாடாலூர்க் காட்டில் விளைந்த வெங்காயத்தை ஒரு மூட்டை கட்டி பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வந்தார். பஸ்ஸை விட்டு இறங்கியதும் பெரியப்பா எங்களைக் காரில் ஏற்றிக்கொண்டார். கடற்கரையையும் கலங்கரை விளக்கத்தையும் காருக்குள் உட்கார்ந்தபடியே பார்த்தோம். வழி முழுக்க "என்னடா இந்த நாத்தம்" என்று பெரியப்பா அப்பாவை ஏசிக்கொண்டே வந்தார். முட்டுக்காட்டில் படகு ஏறும் இடம் வந்ததும் மூட்டையைக் கீழே தள்ளினார்.

"பூட்டுன காருல வச்சா நாத்தம் போவாது. நீ இங்கயே நின்னு பாத்துக்கடா."

"சரிண்ணே. புள்ளைங்க போயிட்டு வரட்டும்."

படகு நகர்ந்ததும் அப்பா கரையிலிருந்து துண்டை உயர்த்தி ஆட்டினார். படகுக்காரர் அது யாரென்று கேட்டார்.

"ஊர்ல நம்ம காட்டைப் பாத்துக்குற ஆளு" என்றார் பெரியப்பா.

அம்மா தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் அப்பாவுக்குக் கை காட்டவில்லை.

நேற்று கிளம்பும்போது பெரியப்பா வெங்காயத்தை அள்ளிப் பார்த்தார். "ஒரு மூட்டை கட்டிக் குடேன். உங்கப்பன் இருந்தா கேக்காமலே குடுத்திருப்பான்."

"உங்க காட்டைப் பாத்துக்கிட்டிருந்த ஆளு செத்துட்டாருங்க பெரியப்பா" என்றேன். "இனிமே கடையிலதான் வாங்கிக்கணும்."