நூறு கஜத்துக்குள் ஒரு டீக்கடை

பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய்ப் புகையிலை கெடுதி என்று சொல்வது என் வேலை. கெடுதி இல்லை என்று இதுவரை ஒரு பிள்ளையும் என்னோடு வாதாடியதில்லை; சொல்லி ஒரு பயனும் இருந்ததில்லை. என் குரல் வேறு மூன்றாவது பெஞ்சைத் தாண்டாது. இதே வேலையில் அகப்பட்டவர்களுக்கு நான் சொல்லாமலே புரியும்.

படம்

ஆந்திராவில், நகரி பக்கம் ஒரு தமிழ் மீடியம் பள்ளி. ஏழாம் வகுப்பில், புகையிலைப் பாக்கெட்டில் அச்சடித்த வாய்ப்புற்றுப் படத்தைக் காட்டினேன். அதற்கு ஒரு நிமிஷம் மௌனம் வரும்; அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் திருப்பதியில் பஸ் ஏறுகிறோம். வந்தது. பிறகு முன்பெஞ்சுப் பெண் ஒருத்தி எழுந்து வந்து படத்தைக் கிட்டத்தில் பார்த்தாள். முகத்தில் நிம்மதி.

"எங்க நைனா துன்றது வேற கம்பெனி சார்."

டேப்

பள்ளி வாசலிலிருந்து நூறு கஜத்துக்குள் பீடி, சிகரெட், புகையிலை விற்கக் கூடாது. அளந்து, ரோட்டில் மஞ்சள் கோடு போடுவதும் என் வேலைதான். டேப்பின் மறுமுனையைப் பிடிக்க அதே வகுப்பிலிருந்து தேவி என்ற இன்னொரு பெண் வந்தாள். எண்பத்திரண்டாவது கஜத்தில் ஒரு டீக்கடை. முன்னால் புகையிலைப் பாக்கெட் சரங்கள் தோரணமாகத் தொங்கின. டீ ஆற்றிக்கொண்டிருந்த செல்வி அக்கா தேவியின் அம்மா. அந்த வீட்டுக்கு வேறு வருமானம் கிடையாது.

அக்கா சண்டை போடவில்லை. "பீடி வாங்க வர்றவன்தான் தம்பி டீ குடிக்கிறான். மத்தவன் பேப்பர் படிச்சிட்டுப் பூட்றான்" என்றார். நான் மறுபடி அளந்தேன். எண்பத்திரண்டுதான். தேவி என் பக்கம் சாய்ந்து மெதுவாகச் சொன்னாள்:

"ரொம்ப இஸ்து புடிக்காதீங்க சார். லூசா வுட்டா எங்க கடை வெளிய பூடும்."

கேட்

தலைமையாசிரியர் நல்லவர், அந்தக் கடை போனால் அவருக்கும் டீ இல்லை. இரண்டு நாள் யோசித்தார். பள்ளிக்குப் பின்பக்கம், லாரிகள் ஓடும் புத்தூர் ரோட்டைப் பார்த்து இன்னொரு கேட் உண்டு. முன்கேட்டைப் பூட்டி, அதையே வாசலாக்கிவிட்டால் கடை நூற்று முப்பது கஜத்துக்குப் போய்விடும். அவர் சொன்ன விதத்தில் எனக்கும் நியாயமாகத்தான் பட்டது:

"கடையை நகர்த்தினாத்தானே பாபு கஷ்டம்? கேட்டை நகர்த்திடலாம்."

போண்டா

மறுவாரம் மஞ்சள் பெயிண்டோடு போனேன். முன்கேட் திறந்தே இருந்தது. கடையில் சரங்களைக் காணோம். என் கடைக்காக இத்தினி புள்ளைங்க லாரி ரோட்டைத் தாண்டணுமா என்று செல்வி அக்கா பள்ளிக்கே போய்ச் சத்தம் போட்டாராம். திரும்பி வந்த வேகத்தில் சரத்தையெல்லாம் தானே கழற்றிவிட்டாராம்.

நான் கோடு போட்டு முடித்தபோது கடையில் வழக்கமான கூட்டத்தில் பாதிதான். தேவி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அக்கா எண்ணெய்ச் சட்டி ஏற்றியிருந்தார். ஒரு தட்டு என் முன்னால் வந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் ஜல்லிக் கரண்டியை நீட்டினார்:

"இன்னிலேர்ந்து போண்டாதான் எங்களுக்குச் சோறு போடணும். நாளைக்கு எண்ணெ கெடுதின்னு பாடம் எடுக்க வந்துடாதே தம்பி."

எண்ணெய் என் துறை இல்லை என்பதால் மூன்று சாப்பிட்டேன்.