மூன்று பேர் படித்த பாலிசி

“மொதல்ல அதுல இருக்கறத அப்பிடியே படிங்க. அர்த்தம் பொறவு கேட்டுக்கறேன்” என்று காகிதத்தை என் டைப்ரைட்டர் மேல் வைத்தார் சென்னியம்மாள். நான் மூன்றாவது ஆள். காலையில் வங்கிக் காசாளர் படித்தாகிவிட்டது. மருந்துக் கடைக்காரரும் படித்தாயிற்று. மூன்று பேர் சொல்வதும் ஒத்துப்போனால்தான் ஆங்கிலத்தில் இருக்கும் எதையும் அந்த அம்மாள் நம்புவார். ஒத்துப்போனாலும் முழுசாக நம்பிவிட மாட்டார். மூன்று பேரும் எங்காவது சேர்ந்து டீ குடித்தோமா என்று விசாரிப்பார்.

கணபதி என்னும் எங்கள் பகுதியில் என் தட்டச்சுப் பள்ளிக்கு எதிரே அவருடைய பட்டறை. ஓட்டல்களுக்கான பெரிய கிரைண்டர் செய்கிறார். வேலைக்கு எட்டுப் பேர். வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். சேலைத் தலைப்பை இடுப்பில் இறுக்கிச் செருகியிருப்பார். மோட்டார் வந்து இறங்கினால், உள்ளே செம்புக் கம்பியைக் குறைத்துச் சுற்றியிருப்பார்கள் என்று தராசில் வைத்து நிறுத்துப் பார்ப்பார். காய்ச்சல் என்று லீவு கேட்பவனின் நெற்றியில் கை வைப்பார். வயிற்றுவலி என்றால் நாக்கை நீட்டச் சொல்வார். ஆஸ்பத்திரியில் படுத்த ஆளைப் பார்க்க ஆரஞ்சுப் பழத்தோடு போவார். பழத்தைக் கையில் கொடுத்துவிட்டு, வெளியே வந்து, அவன் நிஜமாகவே என்றைக்குச் சேர்ந்தான் என்று நர்ஸிடம் தனியாகக் கேட்பார்.

அப்படிப்பட்டவர் போன வருஷம் எட்டுப் பேருக்கும் தன் செலவில் மெடிக்ளெய்ம் பாலிசி எடுத்தார். கருணை என்று நினைத்துவிட வேண்டாம். பெரிய கம்பெனிகள் நல்ல ஆட்களை இழுத்துக்கொண்டிருந்த நேரம் அது. “இது இருந்தாத்தானுங்க ஆளு நிக்கும்” என்றார்.

அதற்கு முன் அவருக்குத் தெரிந்த ஒரே இன்சூரன்ஸ் மாட்டு இன்சூரன்ஸ்தான். எருமை செத்தபோது, அதன் காதில் மாட்டியிருந்த தகடு எந்த வேலியிலோ சிக்கி அறுந்து போயிருந்தது. தகடு இல்லாத எருமைக்குப் பணம் இல்லை என்று கைவிரித்துவிட்டார்கள். “செத்தது எருமைங்களா, தகடுங்களான்னு கேட்டேன்.”

அதனால்தான் பாலிசி வந்த அன்றே அதையும் மூன்று பேரிடம் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, ஆட்களைக் கூட்டி நிறுத்தி எச்சரித்தார். “குடலெறக்கம், மூலம், கண்ணுல பொரை, இதெல்லாம் மொத வருசம் சேராது. அதுக்குள்ள ஆரும் ஆப்பரேசன் பண்ணிப்போட்டு வந்து எங்கிட்ட நிக்காதீங்க.”

அந்த முதல் வருஷம் முடிய இன்னும் ஒரு வாரம்தான். இந்த நேரம் பார்த்து மனோஜ்குமார் வந்து சேர்ந்தான். வேறொரு கம்பெனியின் ஏஜெண்ட்; வழித்துச் சீவிய தலை, வாய் நிறையச் சிரிப்பு. பாலிசியைத் தன் கம்பெனிக்கு மாற்றிக்கொண்டால் எட்டுப் பேருக்கும் கட்டுகிற தொகை குறையும் என்றான். “மத்ததெல்லாம் ஒண்ணுதாங்க அக்கா.” அவன் கொடுத்த காகிதம்தான் அன்று என் டைப்ரைட்டர் மேல் இருந்தது. எல்லாம் ஒன்றில்லை. கம்பெனி மாறினால் மறுபடியும் முதல் வருஷம். குடலிறக்கம் மறுபடியும் சேராது. இதை நான் சொன்னதும், “மத்த ரெண்டு பேரும் அதேதான் சொன்னாங்க” என்று தலையாட்டினார். பிறகு, “நம்ம ஆளுகளுக்கு அப்பிடி ஒண்ணுமில்லீங்களே. கம்மியாக் கட்டறதுதான் லாபம். வாங்க, பாரத்த எழுதிக் குடுங்க” என்று என்னைப் பட்டறைக்குக் கூட்டிப்போனார்.

அங்கே மனோஜ்குமார் பாரத்தை விரித்துப் பேனாவைத் திறந்து வைத்திருந்தான். சென்னியம்மாள் அதைக் கையில் எடுத்தார். அப்போதுதான் கிரைண்டர் கல் கொத்தும் கருப்புசாமி, உளியைக் கீழே வைத்துவிட்டு வந்து நின்றார்.

இந்தக் கருப்புசாமி மேல் சென்னியம்மாளுக்குச் சில மாதமாகவே ஒரு கண். கல் தூக்கும்போது பளுவான பக்கத்தை அடுத்தவனிடம் தள்ளிவிடுகிறார், அடிக்கடி சுவருக்குப் பின்னால் போய் நிற்கிறார். “வேற பட்டறைக்கித் தாவப் பாக்கறானுங்க. சாயங்காலம் எந்தப் பக்கம் போறான்னு சித்தெ பாருங்க” என்று என்னையே உளவு பார்க்கச் சொல்லியிருந்தார்.

“அக்கா, கம்பெனிய மாத்தாதீங்க” என்றார் கருப்புசாமி.

“ஏன்? உனக்கென்ன வந்துச்சு?”

“எனக்குக் குடலெறக்கமுங்க. வருசம் எப்ப முடியும்னு காத்துக்கிட்டிருக்கேன்.”

சென்னியம்மாளின் கண் சுருங்கியது. அவரிடமிருந்து வந்த முதல் கேள்வி, “பாலிசிக்கு முன்னாலயே இருந்துச்சா?”

“இல்லீங்க. ஆடி மாசம் ஈரோட்டு மெஸ்ஸுக்குக் கல்லு ஏத்துனமே, அன்னிக்கு வந்ததுங்க. அடிவயித்தப் புடிச்சுக்கிட்டு உக்காந்துட்டேன். நீங்க பக்கத்துலதான் நின்னீங்க. நடிக்காத, எந்திரிடான்னீங்க.”

எனக்கு அந்த இடத்தில் நிற்கவே கூச்சமாக இருந்தது. நானும் அவரை உளவு பார்த்தவன்தானே.

“ஏன்டா எங்கிட்டச் சொல்லுல?” குரல் இறங்கியிருந்தது.

“சொன்னா நம்பவா போறீங்க? வருசம் முடியட்டும், பொறவு டாக்டரே காயிதத்துல எழுதிக் குடுக்கட்டும்னு இருந்தேனுங்க.”

சென்னியம்மாள் பாரத்தை மடித்து மனோஜ்குமார் கையில் வைத்தார். “போயிட்டு வாங்க கண்ணு. பழைய கம்பெனியே இருக்கட்டும்.” பிறகு கருப்புசாமியிடம், “ஆசுபத்திரிக்கு நானும் வாரேன். டாக்டரு சொல்றத என்ற காதால கேக்கோணும்” என்றார்.

கருப்புசாமி தலையாட்டினார். வாசலில் டெம்போ நின்றிருந்தது. ஏற்ற வேண்டிய கல் ஒன்று பாக்கி. பேச்சு முடிந்ததென்று அவர் அந்தக் கல்லிடம் போய், ஒரு கையை அடிவயிற்றில் ஊன்றிக்கொண்டு அதைத் தூக்க மெல்லக் குனிந்தார். சென்னியம்மாள் விறுவிறுவென்று போனார். மாவரைக்கும் கல்லில் யாரும் உட்காரக் கூடாது என்கிற வழக்கத்தைக்கூடப் பார்க்காமல், சேலையை ஒதுக்கிக்கொண்டு அந்தக் கல்லின் மேல் உட்கார்ந்துகொண்டார்.