குருநகர் நண்டு வியாபாரியின் ஒரே கேள்வி

சொந்த டொமைன் பெயரில் மின்னஞ்சல் அனுப்ப எந்தச் சேவை நல்லது என்று கேட்டு, குருநகர் நண்டு வியாபாரி ஒருவர் எங்கள் கணினிக் கடைக்கு வந்தார். உப்பில் வெளுத்த விரல்கள். யாராவது பேசினால் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். மூன்று சேவைகளை நான் விளக்கி முடித்ததும் கண்ணைத் திறந்தார்.

“நாளைக்கு இதை விட்டிட்டுப் போறதெண்டால், என்ரை கடிதங்களைக் கொண்டுபோகலாமோ பிள்ளை?”

“ரெண்டிலை ஏலும் அண்ணை. விலை குறைஞ்சதிலை ஏலாது.”

“அப்ப அது வேண்டாம். சண்டைக்குள்ளை ஒருக்கா எல்லாத்தையும் விட்டிட்டு ஓடினனாங்கள்.”

மற்ற இரண்டில் ஒன்றில் அவரைப் பதிந்து, எனக்கொரு சோதனை மடல் அனுப்பச் சொன்னேன். எல்லோரும் ‘ஹலோ’ என்றுதான் அனுப்புவார்கள். அவர் ‘சுகமாய் வந்து சேர்ந்திட்டம்’ என்று தட்டினார். சோதனை மடல்களை அன்றன்றே அழித்துவிடுவது என் வழக்கம். அதை இன்னும் அழிக்கவில்லை.