டி.பி. என்று பேர் வாங்கிய இருமல்

என் வீட்டுக்காரருக்கு மில்லில் பாய்லர் பக்கம் வேலை. நீராவிக் குழாய்களுக்குச் சூடு தாங்க, ஆஸ்பெஸ்டாஸ் என்கிற கல்நார் சுற்றுவார். வீட்டுக்கு வரும்போது தலை, புருவமெல்லாம் வெள்ளையாக இருக்கும். சட்டையை நான்தான் உதறித் துவைப்பேன். எழுபதுகளின் கடைசியில் இருமல் பிடித்தது. தெருமுனை டாக்டர் டி.பி. என்றார். எந்த மாத்திரைக்கும் இருமல் கேட்கவில்லை, செத்துப் போனார். அதற்கப்புறமும் கருவடிக்குப்பத்தில் எங்கள் வீட்டுத் தண்ணீரை யாரும் வாங்கிக் குடிக்கவில்லை.

எதிர்வீட்டுக்காரரும் அவரோடு அதே வேலை பார்த்தவர். கொஞ்ச காலத்தில் அவருக்கும் மூச்சு வாங்க ஆரம்பித்தது. அவர் பெண்சாதி என்னைவிட இளையவள், பிடிவாதக்காரி. பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துக்கொண்டு போனாள். அங்கே ஒரு டாக்டரம்மா, இத்தனை வருஷம் என்ன வேலை பார்த்தீர்கள் என்று கேட்டாராம். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, கல்நார்த் தூசு நுரையீரலைக் கெடுத்துவிட்டது, இது ஒட்டுகிற நோய் இல்லை என்றாராம்.

கேட்டதும் எனக்கு வயிறு எரிந்தது. அந்த ஒரு கேள்வியை என் வீட்டுக்காரரிடம் யாரும் கேட்கவில்லையே.

அவள் சும்மா இருக்கவில்லை. மில் ஆட்களின் வீடுவீடாகப் போய், வேலைச் சட்டையை உதறாதீர்கள், தண்ணீரில் முக்கிவிட்டுத் துவையுங்கள் என்று சொன்னாள். பெண்கள் அவளை உட்கார வைத்துக் காபி கொடுத்தார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. கதவைச் சாத்திக்கொள்வேன்.

ஒருநாள் அவளே வந்தாள். மில் வாசலில் பேசப் போவதாகவும், நானும் வர வேண்டும் என்றும் சொன்னாள்.

"உன் வீட்டுக்காரர் உயிரோட இருக்காரு. நீ பேசுவ. நான் எதச் சொல்லி நிக்கிறது?" என்றேன்.

"நான் சொன்னா, ஒரு ஆளுக்கு வந்த சீக்குன்றாங்க. நீங்க வந்தாதான்க்கா நம்புவாங்க."

போனேன். அவள் தடங்கலில்லாமல் பேசினாள். நான் அவள் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். கூட்டத்தில் ஒருவர், உங்க வீட்டுக்காரருக்கு டி.பி.தானே என்றார்.

"இல்ல. அந்தத் தூசுதான் அவரக் கொன்னுச்சு" என்றேன்.

அதற்குப் பிறகு பலர் எக்ஸ்ரே எடுக்கப் போனார்கள். நனைக்காத கல்நாரைத் தொட மாட்டோம் என்று ஆட்கள் ஒன்றாக நின்றதில், மில்லிலும் அதற்கு ஒத்துக்கொண்டார்கள்.

மறுவருஷம் அவள் புருஷனும் போய்விட்டார். மில் ஆட்கள் தோள் மாற்றித் தோள் மாற்றித் தூக்கினார்கள். என்னவரைத் தூக்கியவர்கள் மூக்கில் துண்டு கட்டியிருந்தார்கள். அழுதேன், அந்த அழுகையிலும் பொறாமை இருந்தது.

காரியம் முடிந்ததும், அரியாங்குப்பத்தில் கல்நார் ஷீட் அறுக்கிற பட்டறை இருக்கிறதாம், போகலாமா என்று வந்து நின்றாள். இவளால் எப்படி முடிகிறது என்று அதற்கும் பொறாமைப்பட்டுக்கொண்டேதான் பஸ் ஏறினேன். அங்கே நாற்காலியை அவளுக்குத்தான் போட்டார்கள். நான் தரையில் உட்கார்ந்தேன். அவள் வாயைத் திறப்பதற்குள் பேச ஆரம்பித்துவிட்டேன்.