மூடிக்குள் கீறிய வரிகள்

என் கல்யாணத்துக்கு முன்பே காலமாகிவிட்ட மாமனாரின் கைக்கடிகாரம் பீரோவில் சும்மா கிடந்தது. தொண்ணூறுகளின் நடுவில், அவிநாசியில் நான் டீச்சராக இருந்தபோது, அதை ஓடவைத்துக் கட்டிக்கொள்ளலாமே என்று கோயில் பக்கத்துச் சந்தில் இருந்த கடிகாரக் கடைக்கு எடுத்துப் போனேன். கடை நடத்தியது ஓர் அம்மாள். ஐம்பது வயதிருக்கும்.

பின்மூடியைத் திறந்து உள்ளே பார்த்தார். கண்ணில் செருகியிருந்த லென்ஸைக் கழற்றி என்னிடம் நீட்டினார்.

"ஏனுங்க டீச்சர், இதக் கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க. எனக்குக் கண்ணு கலங்குது."

மூடியின் உட்புறத்தில், ஊசியால் கீறிய பொடி எழுத்துகள்: 'கார்த்திகை. மழை. பாப்பா நடந்தாள்.'

"அந்தப் பாப்பா நானுங்க" என்றார்.

அவருடைய அப்பா கடிகாரம் பழுது பார்ப்பதில் கைதேர்ந்தவர். கோயமுத்தூர் மில் முதலாளிகளின் தங்கக் கடிகாரங்கள்கூட அவரைத் தேடி இந்தச் சந்துக்கு வந்தனவாம். காதருகே வைத்துக் கேட்டே கோளாறைச் சொல்லிவிடுவாராம். பழுது பார்த்த நாளை மூடிக்குள் குறித்துவைப்பது அந்தத் தொழிலில் வழக்கம்தான். இவர் அந்த நாளைப் பற்றி ஒரு வரியும் சேர்த்துக் கீறினார். மகளுக்கு ஐந்து வயதாகும்போது இறந்துபோனார். ஒரு போட்டோகூட இல்லை. பெரியப்பாவிடம் வேலை பழகி மகள் அந்தக் கடையை விடாமல் வைத்திருந்ததே, எப்போதாவது இப்படி ஒரு மூடி வரும் என்றுதான்.

அதன் பிறகு நான் உறவுக்காரர் விசேஷங்களில் பழைய கடிகாரங்களைக் கேட்டு வாங்க ஆரம்பித்தேன்.

"ஏனம்மிணி, சீருக்கு வந்தியா, கடியாரம் பொறுக்க வந்தியா?" என்று பெரியநாயக்கன்பாளையத்து நாத்தனார் சிரித்தார்.

சனிக்கிழமை மதியங்களில் கடையில் உட்கார்ந்து நாங்கள் இருவரும் மூடிகளைத் திறப்போம். சுற்றிலும் கடிகாரங்கள் ஆளுக்கொரு மணி காட்டிக்கொண்டிருக்கும். 'வெயில். புளியமரத்தடியில் தூங்கினேன்.' 'அவள் கோபம் தீர்ந்தது.' 'ஒன்றுமில்லை, நல்ல நாள்.' வருஷங்கள் முன்பின்னாக வந்தன. ஒரு வாரம் அந்த அப்பாவுக்குக் குழந்தை பிறந்தது. அடுத்த வாரம் அவர் இன்னும் பெண் பார்க்கப் போய்க்கொண்டிருந்தார். அந்தக் கடையில் உட்கார்ந்திருக்கும்போது, அவர் இப்போதுதான் எழுந்து டீ குடிக்கப் போயிருக்கிறார் என்றே எனக்குத் தோன்றும்.

உடுமலைப்பேட்டையில் என் சித்தப்பாவிடமிருந்து வந்த கடிகாரத்தை அந்த அம்மாளே படித்தார். 'கை நடுங்குகிறது. பாப்பாதான் சாவி கொடுத்தாள்.'

தன் விரல்களைத் திருப்பிப் பார்த்தார்.

"அப்ப நானும் அவரு கூட உக்காந்து வேல செஞ்சிருக்கேனுங்க டீச்சர். எனக்குத்தான் நெனவில்ல."

கடிகாரத்தைச் சுத்தம் செய்து ஓடவைத்தார். மூடுவதற்கு முன், அப்பாவின் வரிக்குக் கீழே ஊசியால் ஏதோ கீறினார்.

"என்னங்க எழுதினீங்க?"

"அதப் படிக்கோணும்னா கடியாரம் நிக்கோணுமுங்க. அது பாட்டுக்கு ஓடட்டும்."

அடுத்த முறை உடுமலைப்பேட்டைக்குப் போனபோது அதைத் திருப்பிக் கொடுத்தேன். சித்தப்பா அதைக் கட்டிக்கொண்டு தினமும் தோப்புக்குப் போய்வந்தார்.